சமைத்தவரே பதம் பார்த்தால்

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் அடைவுத் தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும், அதன் முடிவுகளைத் திரையில் போட்டு மாவட்ட வாரியாகக் கூட்டம் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. 31 வருடம், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான் என் உலகம். ஓய்வுக்குப் பிறகு கையில் நேரம் இருந்ததால், பிள்ளைகளின் அடைவை எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதை மகள் எடுத்துத் தருவாள், புள்ளியியல் வரும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவாள். பணியில் இருந்தபோதே இதையெல்லாம் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். பல வருடம் முன்பு, நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு வந்தது. தேர்வை நடத்த வந்த கள ஆய்வாளர், பி.எட். படிக்கும் ஒரு பையன். சின்ன வகுப்பு என்பதால் பிள்ளைகள் வினாத்தாளிலேயே விடையைக் குறிப்பார்கள். அதைக் கணினி திருத்தும் ஓ.எம்.ஆர். தாளில் அந்தப் பையன் வட்டமிட வேண்டும். வெயிலில் நடந்து வந்திருந்தான். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். அவன் டீ குடித்துக்கொண்டிருந்த பத்து நிமிடம், நான் சும்மா இருக்கப் பிடிக்காமல் வகுப்பைச் சுற்றி வந்தேன். கடைசி வரிசையில் ஒருவன் 'இ'யைக் குறித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னொரு தடவை நல்லாப் பாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் அழித்துவிட்டு 'ஆ'வைக் குறித்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டேன்.

அன்றைக்கு யாரும் என்னை மிரட்டவில்லை. மதிப்பெண் குறைந்தால் சம்பளத்தைப் பிடிக்கப் போவதில்லை, கூடினால் விருது தரப் போவதும் இல்லை. இருந்தும் அப்படிச் செய்தேன். என் பிள்ளைகள், என் வகுப்பு, யாரோ ஒருத்தர் முன்னால் தலைகுனிய விடுவேனா? அந்த ஒரு நினைப்பு போதுமானதாக இருந்தது. இதைச் சொல்லும்போது என் பழைய சகாக்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள். இரண்டு தரப்புக்கும் நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

மத்தியப் பிரதேசத்தில் இதே விஷயத்தை அபிஜித் சிங் என்ற பொருளாதார ஆய்வாளர் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அங்கே 'பிரதிபா பர்வ்' என்ற பெயரில் அரசே பள்ளிதோறும் தேர்வு நடத்தி வந்தது. அதே பிள்ளைகளுக்கு, அதே கேள்விகளை, சில வாரங்கள் கழித்து வெளியாட்களை வைத்து மறுபடி கொடுத்தார். அரசுப் பதிவில் இருந்த மதிப்பெண் நிஜத்தைவிட வெகுவாகக் கூடுதல் என்று தெரிந்தது. என்னைத் தைத்தது அடுத்த செய்தி. இந்தப் பூச்சு எல்லோருக்கும் ஒரே சீராக விழவில்லை. எதுவும் தெரியாமல் கடைசியில் நிற்கும் பிள்ளைகள்தான் பதிவிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். யாருக்காக இந்தத் தேர்வை நடத்துகிறோமோ, அவர்களே கணக்கில் இல்லை. என் கடைசி வரிசைப் பையனும் அப்படித்தான் காணாமல் போனான், என் கண் முன்னாலேயே. ஆந்திராவில் அவர் பார்த்த இன்னொரு சோதனையில், தாளுக்குப் பதில் டேப்லெட்டில் தேர்வு வைத்தபோது இந்தக் கோளாறு பெருமளவு குறைந்திருக்கிறது. கவனியுங்கள், இரண்டு இடத்திலும் பெரிய பரிசோ தண்டனையோ மதிப்பெண்ணோடு கட்டப்பட்டிருக்கவில்லை.

கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் 2009-ம் ஆண்டுத் தேர்வு விடைத்தாள்களில் தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்த தடங்கள் இயல்புக்கு மீறி இருந்தன. 2011-ல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் இதில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதுவும், ரவுடிக் கும்பல்களைப் பிடிப்பதற்காகப் போட்ட சட்டத்தின் கீழ். படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த அழி ரப்பரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் திருட்டுத்தனமே இல்லாமலும் மதிப்பெண் வீங்கும். இதைத்தான் நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1987-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஜான் கேனல் என்ற கிராமத்து மருத்துவர், மாநிலங்கள் வெளியிட்ட தேர்வு முடிவுகளை எல்லாம் வாங்கி வைத்துப் பார்த்தார். தொடக்க வகுப்புகளில் ஐம்பது மாநிலங்களும் தேசிய சராசரிக்கு மேலே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் சராசரிக்கு மேலே இருக்கும் அதிசயத்தைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் வர வேண்டியிருந்தது!

அதற்கு நாலு வருடம் கழித்து, டேனியல் கோரெட்ஸும் சக ஆய்வாளர்களும் ஊர் பெயரை வெளியிடாமல் ஒரு பள்ளி மாவட்டத்தில் செய்த சோதனை இன்னும் அழகானது. அந்த மாவட்டம் பல வருடம் ஒரே தேர்வை வைத்து வந்தது, மதிப்பெண் நன்றாக இருந்தது. பிறகு வேறு கம்பெனியின் தேர்வுக்கு மாறினார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கில் மதிப்பெண் சுமார் அரைக் கல்வியாண்டு அளவுக்குச் சரிந்தது. நாலு வருடத்தில் மெல்ல மெல்லப் பழைய உயரத்துக்கு ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது ஆய்வாளர்கள் போய், கைவிடப்பட்ட பழைய தேர்வைத் தூசி தட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். புதுத் தேர்வு வந்த முதல் வருடம் எந்தப் பள்ளத்தில் இருந்தார்களோ, அங்கேயே போய் நின்றது மதிப்பெண். யாரும் பிட் கொடுக்கவில்லை, யாரும் அழிக்கவில்லை. எந்த மாதிரிக் கேள்வி வரும் என்று ஆசிரியர்களுக்குப் பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான். எங்கள் ஊர் மொழியில் சொன்னால் புளூபிரிண்ட் தெரிந்துவிட்டது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 15 வயதுப் பிள்ளைகளை நாடு நாடாக ஒப்பிடும் பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன: தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். 2009 சுற்றின் நீட்சியாக நடந்தது, முடிவு 2011 டிசம்பரில் வந்தது. 74 நாடுகள், பகுதிகளில் தமிழ்நாட்டுக்கு 72-வது இடம். வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493, நமக்கு 337. குறைந்தபட்சம் என்று அவர்கள் வகுத்த வாசிப்பு நிலையை எட்டிய நம் பிள்ளைகள் சுமார் 17 சதவீதம். அப்புறம் 2014-ல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டிலும் தேர்ச்சி 90 சதவீதத்தைத் தாண்டியது. ஒரே மாநிலம், நடுவில் மூன்று வருடம்கூட முழுதாக இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து யாராவது கூட்டம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதில், கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியம் என்ற பேச்சுதான் பெரிதாக எழுந்தது. 2012, 2015, 2018, 2022 என்று அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. கேள்விகள் அந்நியமாக இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேருந்து அட்டவணையைப் படித்து எந்த வண்டியைப் பிடிப்பது என்று சொல்லத் தெரியாமல் போவதற்குச் சூழலைக் காரணம் காட்ட முடியாது.

சரி, வெளிநாட்டுத் தேர்வு வேண்டாம். மத்திய அரசு பள்ளிகளில் நடத்தும் நம்முடைய தேசிய அடைவு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் 12 அன்று 720 மாவட்டங்களில் 34 லட்சம் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று பரக் என்ற புதுப் பெயரில் 21 லட்சம் பேருக்கு. மலைக்கத்தக்க ஏற்பாடு, மறுக்க மாட்டேன். இதோடு, 2005-லிருந்து பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் அசர் ஆய்வை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று எடுத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்வார்கள். பள்ளிக்குள் எடுத்த தேசிய ஆய்வு, வீட்டில் எடுத்த அசர், இன்னொரு குடும்ப ஆய்வு மூன்றையும் டக் ஜான்சன், ஆந்த்ரேஸ் பராடோ என்ற இருவர் ஒப்பிட்டு 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேசிய ஆய்வின் எண்கள் மற்றவற்றைவிட மிக உயரத்தில் இருந்தன என்பது கூடப் பெரிதில்லை. எந்த மாநிலம் முன்னே, எந்த மாநிலம் பின்னே என்கிற வரிசையே மற்ற ஆய்வுகளோடு சரியாகப் பொருந்தவில்லை. அந்த வரிசையை வைத்துத்தானே பத்திரிகைச் செய்தியே வருகிறது?

திண்ணை என்றதும் ஒரு ஞாபகம். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று வாசிப்பாள். பார்வைக்கு யார் வந்தாலும் அவளைத்தான் எழுப்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குக் கல்லூரி மாணவி ஒருத்தி ஒற்றைத் தாளோடு வந்தாள். எதிர் வீட்டில் விசேஷத்துக்குப் போயிருந்த நானும் எட்டிப் பார்த்தேன். தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், நாலு வரிப் பத்தி ஒன்று, ஒரு குட்டிக் கதை. பத்தியைக் கொடுத்ததும் என் மாணவி திணறினாள். வந்தவள் சொற்களைக் கொடுத்தாள். இரண்டு வந்தது, மூன்றாவதில் நின்றாள். எழுத்து தெரிந்தது. பாடப் புத்தகத்தை எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள், விரலை மட்டும் வரி மேல் ஓட்டியிருக்கிறாள். மறுநாள் வகுப்பில் புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறந்து வைத்து முதல் பாடத்தைக் கேட்டேன். அந்தப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே முதல் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். நான் அவளுக்கு இரண்டு வருடமாக 'நன்று' போட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கல்லூரிப் பெண் என்னைவிடத் திறமைசாலி என்று சொல்ல வரவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளை யாரோ. அவள் கையில் இருந்தது பிள்ளை முன்பின் பார்த்திராத தாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்கிறோம். எந்தச் சோற்றை எடுப்பது, யார் எடுப்பது என்று பழமொழி சொல்லவில்லை. சமைத்தவளை எடுக்கச் சொன்னால் அவள் கை தானாக வெந்த பக்கம்தான் போகும்.

இப்போது சதவீதக் கணக்கு. தலைமையாசிரியர் கூட்டங்களில் "உங்க ஒன்றியம் 47 சதவீதம், கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கேள்விகள் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 25 வரும். நூறு பேரில் 29 பேருக்கு உண்மையிலேயே விடை தெரியும், மீதி 71 பேர் குத்துமதிப்பாகக் குறிக்கிறார்கள் என்று வையுங்கள். 71-ல் கால்வாசி 18 பேருக்குச் சரியாக விழும். 29-ம் 18-ம் சேர்ந்தால் 47. பாதிப் பேர் என்று நாம் கைதட்டியது நிஜத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இதற்குப் பெரிய புள்ளியியல் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

தர வரிசையைப் பற்றி ஒரு வரி மட்டும். எட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தேர்வன்று ஒரு பிள்ளை காது குத்துக்குப் போய்விட்டால் பள்ளியின் சதவீதம் பத்து தாவும் அல்லது பத்து விழும். வரிசையின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகளே மாறி மாறி வந்து நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

நான் தேர்வே வேண்டாம் என்ற கட்சி இல்லை. அளந்தால் என்ன நன்மை என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கொரோனாவுக்கு முன் 2019-ல் அளந்து வைத்திருந்த கிராமங்களுக்கு, 2021 டிசம்பரில் திரும்பப் போய்ச் சுமார் 19,000 பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சோதித்தார்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும். எவ்வளவு இழந்திருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது, கணக்கில் மொழியைவிட இரண்டு பங்கு மோசம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதும் தெரிந்தது. மீண்டதில் சுமார் கால்வாசிக்கு, தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகள் காரணம் என்றும் கணக்கிட முடிந்தது. வெளியாட்கள், வீடு, ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இதனால்தான் அந்த எண்களை நான் நம்புகிறேன். ஒரு ஆசிரியையாக அதைப் படித்தபோது முதல்முறையாக ஒரு ஆய்வு என் பக்கம் நின்று பேசியது போல இருந்தது.

இனி என் கோரிக்கைகள். மாநிலம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பேரை, நன்றாகக் கலந்து எடுத்து, பள்ளிக்குச் சம்பந்தமில்லாதவர்களை வைத்துச் சோதியுங்கள். தேர்வு முடிந்து இரண்டு வாரத்தில் நூற்றில் இரண்டு பள்ளிக்குச் சொல்லாமல் போய் அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். எந்தப் பள்ளி என்று வெளியிடவும் வேண்டாம், யாரிடமும் விளக்கம் கேட்கவும் வேண்டாம். மொத்தத்தில் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று மட்டும் அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், மூன்று, ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளைச் சோதித்துவிட்டு அடுத்த முறை மூன்று, ஆறு, ஒன்பது என்று மாற்றினால், முன்னேறினோமா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? கொஞ்சம் கேள்விகளையாவது ரகசியமாக வைத்து ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்பப் பயன்படுத்துங்கள்.

வகுப்பாசிரியருக்குத் தேவை வேறு. அவருக்குச் சதவீதம் எதற்கும் உதவாது. பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அரும்புக்கு ஒரு பயிற்சி, மலருக்கு ஒரு பயிற்சி என்று கொடுக்கும் எண்ணம் அருமையானது. ஆனால் அரும்பாக இருப்பதை அரும்பு என்று தைரியமாக எழுத ஆசிரியரால் முடிய வேண்டும். 'எத்தனை பேரை மலராக்கினீர்கள்?' என்று யாராவது கேட்கத் தொடங்கிய நாளே தோட்டம் முழுக்கப் பூத்துவிடும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. கடன் வாங்கிக் கழித்தலுக்கு 42 − 17 என்று கேட்கிறீர்கள். விடை 25. தப்பாகப் போடும் பிள்ளைகள் பெரும்பாலும் 35 என்று எழுதுவார்கள். ஒரு பிள்ளை, மேலே 2 சின்னது, கீழே 7 பெரியது என்பதால் தலைகீழாக 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போடும், பத்துகள் இடத்தில் 4-லிருந்து 1 போக 3. இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கி 12-லிருந்து 7-ஐக் கழித்து 5 போடும், ஆனால் கடன் கொடுத்த 4-ஐ 3 ஆக்க மறந்துவிடும். அதற்கும் 35. முதல் பிள்ளைக்குக் கழித்தலே புரியவில்லை, குச்சியும் கட்டும் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு எல்லாம் தெரியும், 4-ஐ அடித்து மேலே 3 எழுதும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். உங்கள் தாளில் இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள். இதையே 43 − 17 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 26. தலைகீழாகக் கழித்தவன் 34 எழுதுவான், குறைக்க மறந்தவன் 36 எழுதுவான். 26, 34, 36, கூட்டிவிட்டவனுக்கு 60. நாலு விடை, நாலு விதப் பிள்ளை. ஓர் இலக்கத்தை மாற்றியதற்கு இவ்வளவு கிடைக்கிறது.

தேர்வு முடிந்ததும் எனக்கு அடுத்து வந்திருக்கும் ஆசிரியருக்கு ஒரு தாள் அனுப்புங்கள். அதில் சராசரியும் வேண்டாம், தர வரிசையும் வேண்டாம். இன்னின்ன பிள்ளைகள் 34 எழுதினார்கள், இன்னின்ன பிள்ளைகள் 36 எழுதினார்கள் என்று இருந்தால் போதும், திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்.

இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். எங்கள் ஊர் முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். பிள்ளைகளின் கழித்தல் கணக்கு நோட்டுகள் இரண்டு கட்டு இன்னும் பரணில் இருக்கின்றன. கரையான் தொடவில்லை. அவற்றையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருத்தி